எங்கிருந்து கிளம்பினாலும்

அண்ணி தரையில் உட்கார்ந்த பிறகுதான் குழந்தையை அவர் கையில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவதாக இருந்தால் குழந்தையை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த விதிகளைப் போட்டவர் அண்ணியேதான். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்றே போட்டார்.

"வாங்க ஆதிரை, கைதியைப் பார்க்க வந்தீங்களா?" என்று குழந்தையிடம் கேட்பார். "கொஞ்ச நேரம்தான் பேசலாம். வார்டன் உங்க அத்தைதான். ரொம்பக் கண்டிப்பு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டா."

அத்தை என்பது நான். பேசமாட்டேன் என்பதும் உண்மைதான்.

அண்ணியின் இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பொட்டி இருக்கிறது. தீப்பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பிக் கழுத்து நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது நரம்பு வழியாகச் சிறு மின்துடிப்பை அனுப்பி, வலிப்பு வராமல் மூளையை அடக்கி வைப்பது அதன் வேலை. எட்டு வருடம் ஒழுங்காகச் செய்தது. அண்ணி வேலைக்குப் போனார், என் அண்ணன் பூபதியைக் காதலித்தார், எங்கள் அம்மாவோடு சண்டை போட்டார், கல்யாணம் செய்துகொண்டார். பொட்டி துடிக்கும்போது மட்டும் குரல் சில நொடிகள் கம்மிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அண்ணி பேச்சை நிறுத்தினால் காத்திருப்போம். குரல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து அண்ணனைத் திட்டுவார்.

பிறகு பொட்டியைச் செய்த கம்பெனியை மூடினார்கள். மூடுவதற்கு முன்பு எல்லாப் பொட்டிகளுக்கும் ஒரு கடைசி மென்பொருள் மாற்றத்தைக் காற்றுவழி அனுப்பினார்கள். பேட்டரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அது பாதியில் அறுந்துபோனது. அந்த நொடியில் எந்தப் பொட்டி என்ன செய்துகொண்டிருந்ததோ அதைப் பொறுத்து ஒவ்வொன்றும் எங்கெங்கோ தள்ளப்பட்டது. சிலருக்கு ஓயாமல் துடித்தது. பலருக்கு நின்றே போனது.

ஒரு மாலை அண்ணி குரல் கம்மாமல் வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன்தான் முதலில் கவனித்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்து அண்ணி பேச்சை நிறுத்தினார். அப்போது அவருக்கு ஏழாம் மாதம்.

கம்பியை அறுத்து எடுக்கலாம். ஆனால் நரம்பும் சேர்ந்து போகலாம். பொட்டியோடு பேசும் கருவி ஆஸ்பத்திரியில் இருந்தது. அது கம்பெனியின் கணினியைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அந்தக் கணினி இப்போது இல்லை.

நான் தானியங்கிகளின் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். என் துறையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது சிரித்து வைப்பேன். அந்த வாரம் முதல்முறையாக நானாக வாயைத் திறந்தேன். அண்ணி பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"பொட்டிக்குள்ள இருக்கறது ரொம்ப எளிமையான இயந்திரம் அண்ணி. அதுக்குத் தனியா ஞாபகம் கிடையாது. இப்ப எந்த நிலையில நிக்குதோ அதுதான் அதோட மொத்த ஞாபகம். முப்பத்தொரு நிலை இருக்கு. வெளியில நடக்கறதுல மூணு விஷயம்தான் அதுக்குத் தெரியும். காந்தத்தை நெஞ்சுகிட்ட காட்டினா தெரியும். படுத்து எழுந்தா தெரியும். வேகமா நடந்தா தெரியும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும். எதிலிருந்து எதுக்குத் தாவும்னு வரைபடம் இருக்கு. கம்பெனியை மூடறப்ப கோர்ட்டு அதை எல்லாருக்கும் வெளியிட வெச்சிருச்சு."

"அப்புறம் என்ன? சரி பண்ணிரு."

"வரைபடம் இருக்கு. நீங்க அதுல எங்க நிக்கறீங்கன்னு தெரியாது."

"கேட்டா சொல்லாதா?"

"சொல்லாது. அதனால கேட்காமயே செய்யணும்." எனக்கு அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "உங்க கண்ணைக் கட்டிக் கோயமுத்தூர்ல எங்கயோ இறக்கி விட்டுட்டாங்கன்னு வெச்சுக்கங்க. நான் போன்ல சொல்லிட்டே வரேன். நேரா போங்க, இடது, இடது, வலது. நீங்க எங்க நிக்கறீங்கன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா கடைசியில காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பீங்க. உக்கடத்துல கிளம்பினாலும் சரி, சிங்காநல்லூர்ல கிளம்பினாலும் சரி. அந்த மாதிரி ஒரே ஒரு வழி."

"இந்த ஊர்ல நேரா போங்கன்னாலே பாலம் வேலை நடக்குதுன்னு திருப்பி விட்டுருவான் அம்மிணி."

"நிஜமா அண்ணி."

அவர் மடிப்பதை நிறுத்தினார். "அப்படி ஒரு வழி எல்லா ஊருக்கும் இருக்குமா?"

"இருக்காது. அது அல்ஜீப்ரா. ராட்டினத்துல ஒரு குதிரைக்கு ஒரு குழந்தைன்னு உட்கார்ந்திருந்தா, எத்தனை சுத்து சுத்தினாலும் ரெண்டு குழந்தை ஒரே குதிரைக்கு வராது. எல்லா அசைவும் அந்த மாதிரி இருந்தா வழியே கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் கிளம்பின இடம் பின்னாடியே வரும். எங்கயாவது ஒரு அசைவு ரெண்டு பேரை ஒரே குதிரையில உட்கார வைக்கணும். யார் எங்கிருந்து வந்தாங்கங்கறதே மறந்து போகணும்."

"நம்ம பொட்டியில அது இருக்கா?"

"படுத்து எழுந்தா இருக்கு. நடக்கறதும் காந்தமும் ராட்டினம்தான். படுத்து எழுந்தா மட்டும் சில நிலைகள் ஒண்ணாகிருது."

அண்ணி சிரித்தார். "படுத்துத் தூங்கி எழுந்தா மறந்துரும்கிறே. உங்க அண்ணன்கூடச் சண்டை போட்டா நானும் அதைத்தான் செய்யறேன்."

நிலைகளுக்கு எண்கள்தான் இருந்தன. அண்ணிக்கு எண் பிடிக்கவில்லை. பொட்டியை உடம்பில் வைத்த முதல் நாள் அது எந்த நிலையில் இருந்ததோ அதற்கு வீடு என்று பெயர் வைத்தார். அதுதான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கம்மும் நிலை. நாங்கள் போய்ச் சேரவேண்டிய இடம். அங்கே சேர்ந்துவிட்டால் அன்றாட வாழ்க்கை பொட்டியை அதைச் சுற்றியேதான் வைத்திருக்கும். வீட்டில் இருக்கும்போது காந்தத்தைக் காட்டினால் பொட்டி வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா காத்திருக்கும். அதற்கு வாசல் என்று பெயர். அந்த முப்பத்தொன்றுக்கு வெளியே, முழு மின்சாரத்தையும் கால்மணி நேரம் நிறுத்தாமல் அனுப்பும் ஒரு நிலையும் இருந்தது. அதில் இதயம் நின்றுவிடக்கூடும். அதற்குச் சிவப்பு என்று நான்தான் பெயர் வைத்தேன். அண்ணி அதற்கு வேறு பெயர் தேடவில்லை.

எழுந்திருக்கும்போது வரைபடத் தாள் அவர் காலில் பட்டது. குனிந்து எடுத்து, கண்களில் ஒற்றி, நெஞ்சில் வைத்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"இதைக்கூடவா?" என்றேன்.

"படிப்புதானே. தானா வந்துருது."

*

முதல் வழி சீக்கிரமே கிடைத்துவிட்டது. நட, படு, காந்தம் என்று இருபது அடிகூட இல்லை. ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். கிடைத்த அன்று நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டாவது நாள், ஒவ்வொரு நிலையிலிருந்தும் தனித்தனியாகக் கிளம்பிப் பார்த்தபோது, ஒன்றில் நின்றுவிட்டேன்.

அண்ணியின் டாக்டர் நசீமா, பொட்டி வைத்துக்கொண்டவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கிளினிக்கில் கூட்டுவார். மாநிலம் முழுவதும் தொள்ளாயிரம் பேர். வருகிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். நான் அண்ணியின் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன். பாதி பேருக்குக் கேட்கவில்லை. டாக்டர் திருப்பிச் சொன்னார்.

"முப்பது நிலையிலிருந்து கிளம்பினா பத்திரமா வந்து சேரலாம். ஒரு நிலையிலிருந்து கிளம்பறவங்க மட்டும் வழியில சிவப்பைத் தொட்டுட்டு வருவாங்க. சிவப்புல மாட்டின ஒருத்தரை நான் பார்த்திருக்கேன். காப்பாத்த முடியலை."

முன் வரிசையில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். பெயர் ஆறுச்சாமி. ஒண்டிப்புதூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வலிப்பு திரும்ப வந்த பிறகு கடையைப் பூட்டிவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், நாங்க தினம் விழுந்து எழுந்துட்டிருக்கறோம். போன வாரம் ஓடற பஸ்ஸுல விழுந்தேன். தண்ணி போட்டிருக்கான்னு இறக்கி விட்டுட்டுப் போயிட்டானுங்க. முப்பது பேர் பிழைக்கற வழி இருக்கறப்ப ஒருத்தருக்காக எல்லாரும் காத்திருக்கோணுமா?"

சிலர் தலையை ஆட்டினார்கள். என் அண்ணனும் ஆட்டினான்.

அண்ணி உட்கார்ந்தபடியே கேட்டார். "அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன்."

"அது தெரிஞ்சா அவரை மட்டும் விட்டுட்டுச் செஞ்சிருலாமேம்மா."

"அதையேதானுங்க நானும் சொல்றேன்."

ஆறுச்சாமி உட்கார்ந்துவிட்டார். "பேச்சுல இந்தப் பொண்ணை ஜெயிக்க முடியாது போல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மட்டும் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் என்னைக் கேட்டார். "யாரும் சிவப்பைத் தொடாம போற வழி இருக்கா?"

"இருக்கான்னே தெரியாதுங்க. இல்லாமயும் போகலாம்."

"எப்படிக் கண்டுபிடிப்பே?"

"ஒரு வாக்கியமா எழுதணும். எந்த நிலையில கிளம்பினாலும், வழியில எந்த இடத்திலயும் சிவப்பு இல்லை, கடைசியில வீடு. இந்த மாதிரி தர்க்க வாக்கியத்தை எழுதினா, அதிலிருந்தே இன்னொரு இயந்திரத்தைக் கட்டலாம். வாக்கியத்துக்கு ஒத்துவர்ற வழிகளை மட்டும் அந்த இயந்திரம் உள்ளே விடும். அது ஒரு வழியையாவது விட்டா, வழி இருக்கு. எதையுமே விடலேன்னா, இல்லை."

"நல்லதுதானே? அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"வாக்கியத்துல ஒவ்வொரு 'எந்த'வுக்கும் இயந்திரம் பெருத்துட்டே போகுங்க."

டாக்டர் போனை எடுத்தார். "பெருக்கட்டும். நான் கணினிக்கு ஏற்பாடு பண்றேன்," என்றார்.

*

பெருத்தது. பல்கலைக்கழகத்துக் கணினி வாரக்கணக்கில் ஓடியும் முடியவில்லை. நான் அதன் முன்னேற்றத்தைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்படித்தான் ஒரு காலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆதிரை. நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். குழந்தைக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்த குரல் நின்றது. பழைய பழக்கத்தில், குரல் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். பொட்டி நின்றுபோனதே எனக்கு அந்த நொடியில் நினைவில்லை.

நிமிர்ந்தபோது அண்ணி சாய்ந்துகொண்டிருந்தார். குழந்தை மெத்தையில் உருண்டு, மல்லாந்து கிடந்து, கூரையைப் பார்த்தது. அழக்கூட இல்லை.

அண்ணி நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கே?" என்பதுதான். காட்டினேன். பார்த்தார். கையை நீட்டவில்லை. அதன் பிறகு பல நாட்கள் குழந்தையைக் கேட்கவே இல்லை. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "தூங்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்," என்பார். கைதி, வார்டன் எல்லாம் நின்றுபோயின.

அண்ணன் என் அறைக்கு வந்தான். "அந்தச் சின்ன வழியைக் கொடு மது. நம்ம வீட்டோட இருக்கட்டும். முப்பத்தொண்ணுல ஒண்ணுதானே."

நான் மறுக்கவில்லை. எழுதி எடுத்துக்கொண்டு அவனோடு போனேன். அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தார்.

"இதைச் செஞ்சு எனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா, நீ அதுக்கப்புறம் கணக்குப் போடுவியா?" என்று என்னைக் கேட்டார்.

நான் கொடியில் கிடந்த துணியை இழுத்து விட்டேன்.

"போடமாட்டே. உன்னை எனக்குத் தெரியும். அறையைச் சாத்திட்டு உட்கார்ந்துருவே. அப்ப மத்தவங்க?" தாளை நாலாக மடித்து என் கையில் திணித்தார். "உங்க அண்ணன் பயத்துல கேக்கறாரு. நீ பயத்துல கொடுக்கறே. ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன். கணினியை நிறுத்திவிட்டு வரைபடத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். அண்ணிக்கு நான் சொன்ன ராட்டினமே அதற்குள் இருந்தது. நடக்க நடக்கச் சுற்றிவரும் ஐந்து நிலைகள். ஐந்தும் ஒரே மாதிரி. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைத்தாலும் படம் மாறாது. நான் ஐந்து குதிரைகளையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே மாதிரி இருப்பதை ஒருமுறை எண்ணினால் போதும் என்பது அல்ஜீப்ராவில் முதல் வருடப் பாடம்.

இயந்திரம் சுருங்கியது. மறுநாள் மதியம் பதில் வந்தது. வழி இருந்தது. யாரும் சிவப்பைத் தொடாமல், எங்கிருந்து கிளம்பினாலும் வீட்டுக்கு. நீளமான வழி. காலையில் ஆரம்பித்தால் மாலை ஆகும்.

டாக்டரிடம் காட்டினேன். அவர் வேறு இருவரிடம் கொடுத்துச் சரிபார்த்தார். ஆஸ்பத்திரிக் குழுவின் அனுமதி வாங்கினார். எல்லாம் முடிந்த பிறகு நான் இன்னொன்றையும் சொன்னேன்.

"மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அடி வருதுங்க. அந்த இடத்துல ஒரே ஒரு நிலையில கிளம்பின பொட்டிதான் பலமா துடிக்கும். சின்ன வழியில போயிருந்தா சிவப்புல மாட்டியிருக்கக்கூடிய நிலை. அதுல கிளம்பினவங்களுக்கு மட்டும் அப்ப இருமல் வரும். வேற யாருக்கும் வராது."

"அதாவது அந்த ஒருத்தர் யாருன்னு அப்பத் தெரிஞ்சிரும்."

"ஆமாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் ஒண்ணாகிருவாங்க. எந்தச் சோதனையிலயும் தெரியாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்கும் சொல்லாதே," என்றார்.

*

இருகூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாய் விரித்தோம். முகூர்த்தம் இல்லாத நாள். முந்தின கல்யாணத்தின் வாழை மரம் வாசலில் கொஞ்சம் வாடி நின்றது. நாற்பது பேர். ஒவ்வொருவர் விரலிலும் இதயத் துடிப்பைப் பார்க்கும் கிளிப். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டக் காந்தம்.

யாராவது ஒருவர் மைக்கில் சொல்லவேண்டும். டாக்டர் திரைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணி பாயில் உட்கார்ந்தபடி, "நீயே சொல்லு அம்மிணி. தப்பா சொன்னாலும் உன் தப்பாவே இருக்கட்டும்," என்றார்.

மைக்கை வாங்கினேன்.

"நடங்க."

நாற்பது பேர் மண்டபத்தைச் சுற்றி வேகமாக நடந்தார்கள்.

"படுங்க. எழுந்திருங்க. காந்தத்தைக் காட்டுங்க. காந்தத்தைப் பாயில வையுங்க. நடங்க."

"ஸ்கூல்ல டிரில் மாஸ்டர் இப்படித்தானுங்க படுத்துவாரு," என்று ஆறுச்சாமி சத்தமாகச் சொன்னார். "அவருக்காவது தொப்பை இருந்துச்சு." சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த அடி வந்தது. "காந்தத்தைக் காட்டுங்க," என்று சொல்லிவிட்டு நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிரக்கூடாது என்று நினைத்திருந்தேன். மண்டபம் அமைதியாக இருந்தது. ஒரு இருமல் கேட்டது. நிமிர்ந்துவிட்டேன்.

ஆறுச்சாமி முஷ்டியை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தார். "தூசிங்க," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "பாயை உதறிப் போட்டிருக்கலாம்."

டாக்டரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

மாலையில் கடைசி அடிக்கு வந்தோம். அதுவும் காந்தம்தான். "காந்தத்தைக் காட்டுங்க," என்றேன். "முடிஞ்சதுங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி." எனக்கு மைக்கை விட்டால் போதும் என்றிருந்தது. ஓடிப்போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

இனிக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் குரல் கம்மும். கம்முவது தெரியவேண்டும் என்பதற்காக எல்லாரையும் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். காலையிலிருந்து மைக்கைக் கேட்டுப் படுத்து எழுந்தவர்களுக்குப் பேச விஷயம் இல்லை. என்ன சமையல் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பத்து நிமிடம் போனது. எல்லாக் குரல்களும் தெளிவாகக் கேட்டன. காபி வந்தது. மறுபடி பத்து நிமிடம் போனது. அண்ணி என்னைப் பார்க்காமல் தூரத்தில் எதையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் உடையவே இல்லை.

எங்கே தப்பு என்று தேடினேன். எந்த வரியையும் நான் தவறவிடவில்லை. மூன்று பேர் சரிபார்த்த கணக்கு. சிலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"விடுங்க டாக்டர்," என்றார் ஆறுச்சாமி. "பொண்ணு நல்ல மனசோடதான் செஞ்சுது. நான் அப்பவே சொன்னேன், அந்தச் சின்ன வழியிலயே போயிருந்தா இந்நேரம் கடையைத் தொறந்து ரெண்டு மோட்டாருக்குக் காயில் கட்டி..."

குரல் கம்மியது. வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். சில நொடிகளில் குரல் திரும்பியது.

"காபி குடிக்கறப்பவும் இப்படி ஆச்சுங்க," என்றார் மெதுவாக. "சூட்டுலன்னு நெனச்சேன்."

அவர் ஒருவர் மட்டும் வீட்டில் இருக்கிறார். மற்ற யாரும் இல்லை. அது எப்படி முடியும்? எங்கிருந்து கிளம்பினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். வந்த பிறகு யாராவது நகர்ந்திருந்தால் ஒழிய.

அவருடைய பாயைப் பார்த்தேன். காந்தம் பாய்மேல் கிடந்தது. மற்ற பாய்களில் காந்தம் இல்லை.

அண்ணியிடம் போனேன். "கடைசியா முடிஞ்சதுன்னு சொன்னேனே, அப்பக் காந்தத்தை என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? பைக்குள்ள போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"காலையிலிருந்து நம்மளுக்காக உழைச்சிருக்கு. கண்ணுல ஒத்திக்கிட்டு..." வலது கை தானாக எழுந்தது. கண்களைத் தொட்டது. அங்கிருந்து நெஞ்சுக்கு வந்து, காறையெலும்புக்குக் கீழே நின்றது. அண்ணி தன் கையையே பார்த்தார்.

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். எல்லார் முகத்திலும் அதே பார்வை. கண்ணில் ஒற்றாதவர்கள் சட்டைப்பையில் போட்டிருந்தார்கள். பை பொட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. நாள் முழுவதும் காந்தத்தைப் பாயில் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், கடைசி ஒருமுறை சொல்லவில்லை.

"நீங்க கும்பிடலியா?" என்று ஒருவர் ஆறுச்சாமியைக் கேட்டார்.

"இரும்பை எதுக்குங்க கும்பிடோணும்?" என்றார் அவர். "நான் மோட்டாருக்கே ஆயுத பூஜை போடறதில்ல."

நான் மைக்கை எடுத்தேன். இந்த முறை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"எல்லாரும் வந்துட்டீங்க," என்றேன். "வாசல்ல நிக்கறீங்க. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை காந்தம் காட்டிட்டீங்க, அவ்வளவுதான். தயவுசெஞ்சு காந்தத்தைப் பாயில வையுங்க. ஒருமுறை படுத்து எழுந்திருங்க. போதும்."

"நானுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"நீங்களும் படுக்கலாங்க. வீட்ல இருக்கறவங்க படுத்து எழுந்தா வீட்லயேதான் இருப்பாங்க, பத்து நிமிஷக் கணக்கு மட்டும் புதுசா ஆரம்பிக்கும்."

நாற்பது பேர் படுத்தார்கள். எழுந்தார்கள். சரியாகப் பத்து நிமிடம் கழித்து மண்டபத்தில் எல்லாக் குரல்களும் ஒன்றாகக் கம்மின. அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. "...ன்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்று அண்ணனிடம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார் அண்ணி.

*

மற்ற ஊர்களுக்கு அனுப்பிய வழியில் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். காந்தத்தைக் கண்ணில் ஒற்றி நெஞ்சில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாரும் ஒருமுறை படுத்து எழவேண்டும். செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கலாம் என்றார் டாக்டர். தானாக வருவதை எப்படிச் செய்யாமல் இருப்பார்கள்?

திருச்சியில் விளக்கேற்றிவிட்டு ஆரம்பித்தார்களாம். தூத்துக்குடியில் ஜெபம் செய்துவிட்டு. ஒரு ஊரில் காந்தத்துக்குப் பொட்டு வைத்துப் பலமுறை சுற்றினார்களாம். பரவாயில்லையா என்று கேட்டார்கள். இந்த வழிக்கு முன்னால் எதைச் சேர்த்தாலும் பரவாயில்லை, சிவப்பைத் தொடாத வரை. அந்தச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்புவது இப்போது என் வேலைகளில் ஒன்று.

ஆறுச்சாமி கடையைத் திறந்துவிட்டார். வீட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் போனோம். டீ சொன்னார். மோட்டாரைப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு என் மேல கோவப்பட்டிருப்பே அம்மிணி. இருந்தாலும் இன்னைக்கும் சொல்றேன். அந்தச் சின்ன வழியிலயே போயிருக்கலாம். அத்தனை மாசம் கடை பூட்டியே கிடந்திருக்காது. அந்த ஒருத்தர் நம்ம கூட்டத்துல இருந்தே இருக்க மாட்டாருங்க."

கறுப்புச் சட்டையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. சுவரில் பேரக்குழந்தைகளின் படம் மாட்டியிருந்தது. கிரீஸ் கைபட்ட டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"இருக்கலாமுங்க," என்றேன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

குழந்தையைத் தனியாகத் தூக்க டாக்டர் வைத்திருந்த கெடு, வலிப்பு வராமல் முடிந்தது. அன்று காலை அண்ணி நின்றபடி கையை நீட்டினார். ஆதிரையைக் கொடுத்தேன். "வார்டனுக்கு இன்னைக்கு லீவு," என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு மாடிப்படி ஏறினார். நான் கூடப் போகவில்லை. அண்ணனும் போகவில்லை. இருவரும் படிக்கட்டுக்குக் கீழே நின்றோம்.

மேலே பேச்சு கேட்டது. அது காக்கா, அது தண்ணித் தொட்டி, அது பக்கத்து வீட்டு அத்தை காயப்போட்ட போர்வை, நம்ம வீட்டுக் கிளிப்பைத் திருப்பியே தரமாட்டா. பிறகு பாதி வார்த்தையில் குரல் நின்றது. அண்ணன் முதல் படியில் கால் வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். மேலே ஆதிரை ஏதோ சத்தம் போட்டாள். அம்மாவின் மீதி வார்த்தையைக் கேட்பதுபோல.

குரல் வந்தது. விட்ட இடத்திலிருந்து.